ஆக்ராவில் கைடோடு ஒரு பகல்: புதன் முதல் வெள்ளி வரை

புதன், மாலை

டெல்லியிலிருந்து காலையில் கிளம்பி, ஆக்ராவைப் பார்த்துவிட்டு இரவே திரும்பும் திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. நிஜாமுதீனிலிருந்து 8.10-க்குக் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் 9.50-க்கு ஆக்ரா கண்டோன்மென்ட் வந்துவிடும். வண்டி அருமையான வண்டி. ஆனால் ஸ்டேஷனிலிருந்து தாஜ் வாசலுக்குப் போய், சோதனை வரிசை தாண்டி உள்ளே கால் வைக்கும்போது மணி பதினொன்று. யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் கிளம்பிய பஸ்களும் கார்களும் அதே நேரத்துக்குத்தான் வந்து கொட்டும். கைடுக்கு எவ்வளவு தெரிந்திருந்தாலும் அந்தக் கூட்டத்தில் அவர் சொல்வது காதில் விழாது. அதனால் முந்தின மாலையே வந்து தங்கி, மறுநாள் விடியலில் ஆரம்பிப்பதுதான் சரி.

சென்னையிலிருந்து நேராக வருபவர்களுக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் இரண்டுமே கண்டோன்மென்டில் நிற்கும். இரண்டும் விடிவதற்குள் இறக்கிவிட்டுப் போய்விடும். அந்தத் தூக்கக் கலக்கத்தோடு அன்றைக்கே தாஜுக்கு ஓடாமல், பகலில் ஓய்வெடுத்து, மாலையில் மேதாப் பாக் தோட்டம் மட்டும் போய் வரலாம். டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் வடக்கத்தி ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். காலை பத்து மணி வரை தாஜ் இருக்கும் இடமே தெரியாத நாட்களும் உண்டு. மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும். பிப்ரவரியும் நவம்பரும் கைக்கு அடக்கமான மாதங்கள்.

இன்று முடிக்க வேண்டிய முக்கியமான வேலை கைடு ஏற்பாடு.

தனி கைடு மூன்று வழியில் கிடைப்பார். நாமே தேடிப் பிடித்துப் பேசி வைப்பவர் ஒருவர். ஓட்டலோ டிராவல்ஸோ அனுப்பி வைப்பவர் இன்னொருவர். வாசலில் ‘கவர்ன்மென்ட் கைடு சார்’ என்று கூடவே நடந்து வருபவர் மூன்றாமவர். முதலாமவருக்கு முழுச் சம்பளமும் நம் கையிலிருந்து போகிறது. இரண்டாமவருக்கு நாம் கொடுத்ததில் ஒரு பகுதிதான் போய்ச் சேரும். மிச்சத்தைக் கடைக் கமிஷனில் ஈடுகட்டப் பார்ப்பார். மூன்றாமவர் நூறு, இருநூறு ரூபாய்க்கே சம்மதிப்பார், ஏனென்றால் அவருடைய வருமானமே மார்பிள் கடையில்தான். கோட்டைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவதா, அதில் முக்கால் மணியைக் கம்பளக் கடைக்குக் கொடுப்பதா என்பதெல்லாம் இந்தக் கணக்கைப் பொறுத்துத்தான் முடிவாகிறது.

மத்தியச் சுற்றுலா அமைச்சகமும் மாநிலச் சுற்றுலாத் துறையும் கைடுகளுக்கு உரிமம் கொடுக்கின்றன. உரிமம் உள்ளவர் படம் போட்ட அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். பேசி முடிப்பதற்கு முன் அந்த அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அதில் பார்க்க வேண்டியது பெயரை விட, எந்தத் தேதி வரை செல்லும் என்பது. காலாவதியான அட்டையோடு சுற்றுபவர்கள் உண்டு. உரிமம் உள்ள கைடுக்கு டிக்கெட் கிடையாது. ‘எனக்கும் டிக்கெட் எடுங்கள்’ என்று ஒருவர் கேட்டால் அங்கேயே விஷயம் புரிந்துவிடும்.

நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு முழுநாள் கூலி பொதுவாக இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் ரூபாய்க்குள் படியும். சீசன், மொழி, அனுபவம் பார்த்து ஏறும் இறங்கும். இந்தி, ஆங்கிலம் தவிர பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழி பேசுபவர்கூடக் கிடைப்பார். தமிழ் பேசும் கைடு அபூர்வம். வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தியும் ஆங்கிலமும் வராது என்றால் மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அதை முன்கூட்டியே கைடிடம் சொல்லிவிட்டால் நாலு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பேசுவார். சொல்லாவிட்டால் மனப்பாடமாக ஓடும் பத்து நிமிஷப் பேச்சை இடையில் வெட்ட முடியாது.

பேசியதையெல்லாம் எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எத்தனை மணிக்கு எந்த வாசல், எந்தெந்த இடங்கள், எத்தனை மணிக்கு விடுதலை, மொத்தத் தொகை, டிப்ஸ் அதில் அடக்கமா. கடைசி வரி: ‘கடை வேண்டாம். பச்சிகாரி (மார்பிளில் கல் பதிக்கும் வேலை) பட்டறை ஒன்று மட்டும், எல்லா இடமும் முடிந்த பிறகு, இருபது நிமிஷம்.’ இந்த ஒரு வரிக்குப் பிறகு கூலியை ஐந்நூறு ரூபாய் ஏற்றிக் கேட்டால் கொடுத்துவிடலாம். நியாயமான பேரம்தான்.

டிக்கெட்டையும் இன்றே தொல்லியல் துறை இணையதளத்தில் எடுத்துவிட வேண்டும். தாஜுக்கு இந்தியருக்கு 50 ரூபாய், மேடையேறிக் கல்லறை மண்டபத்துக்குள் போக மேலும் 200. இணையத்தில் எடுத்தால் சில ரூபாய் குறையும். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை. வெளிநாட்டவருக்கு 1,100-உம் 200-உம். இலங்கையிலிருந்து வரும் உறவினர் கூட இருந்தால் அவருக்கு சார்க் நாட்டுக் கட்டணம், 540-உம் 200-உம். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்) அட்டை உள்ளவர்களுக்கு இந்தியர் கட்டணமே. அட்டையின் அசலைக் காட்டச் சொல்வார்கள். டிக்கெட் எடுத்த தேதியை இரண்டு முறை பாருங்கள். வெள்ளிக்கிழமை தாஜ் மூடியிருக்கும்.

மேதாப் பாக்குக்கு கைடு தேவையில்லை. யமுனைக்கு அக்கரையில், தாஜுக்கு நேர் எதிரே உள்ள தோட்டம் அது. அங்கிருந்து தெரிவது தாஜின் வடக்கு முகம். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்தே போவதால் பகலெல்லாம் அந்த முகம் நிழலில்தான் இருக்கும். வெயில் பக்கவாட்டில் விழும் கடைசி முக்கால் மணி நேரத்தில் போனால்தான் படம் தேறும். அங்கே உள்ள எண்கோணக் குளத்தின் சுவடுகள் 1990-களில் நடந்த அகழாய்வில் வெளிவந்தவை. தாஜின் பிம்பம் விழுவதற்காகவே வெட்டிய குளம். ஷாஜகான் தனக்காகக் கறுப்புத் தாஜ் ஒன்று கட்ட இருந்தார் என்ற கதைக்குச் சாட்சியாக நாளை கைடு இதே இடத்தைத்தான் கை காட்டுவார். கறுத்துக் கிடந்த கற்கள் அழுக்கேறிய வெள்ளை மார்பிள் என்பது அகழாய்விலேயே தெரிந்துவிட்டது.

வியாழன்

சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னால் தாஜ் திறக்கும். பிப்ரவரியில் அது ஏறக்குறைய ஆறரை. ஐந்தே முக்காலுக்கு ஓட்டலை விட்டுக் கிளம்பினால் வரிசையின் முன்பகுதியில் இடம் கிடைக்கும். உள்ளே போவதற்குக் கிழக்கு வாசல், மேற்கு வாசல் இரண்டுதான். தெற்கு வாசல் வழியாக நுழைய முடியாது. தாஜிலிருந்து 500 மீட்டருக்குள் பெட்ரோல், டீசல் வண்டி போகாது. கிழக்கு வாசலுக்கான வண்டிகள் ஷில்ப்கிராமில் நிற்கும். அங்கிருந்து பேட்டரி வண்டி, அல்லது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடை. ‘இன்றைக்குப் பேட்டரி வண்டி ஓடவில்லை’ என்று சொல்லிக்கொண்டு வரும் குதிரை வண்டிக்காரரை நம்பாமல் வண்டி நிற்கும் இடம் வரை நடந்து பாருங்கள்.

சோதனையில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வரிசை. ஒருவர் பையில் சிக்கல் வந்தால் குடும்பமே உள்ளே காத்து நிற்க வேண்டும். கொண்டுபோகக் கூடியவை: போன், கேமரா, சிறு கைப்பை, தண்ணீர் பாட்டில். கூடாதவை: சாப்பாட்டுப் பொருள், சூயிங் கம், சிகரெட், தீப்பெட்டி, கத்தி, ட்ரைபாட், ட்ரோன், பெரிய பை. தட்டையும் முறுக்கும் வைத்த ஒரு பொட்டலம் போதும், லாக்கருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்தால் வரிசை மறுபடி முதலிலிருந்து. டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குத்தான் செல்லும், அதற்கு மேல் இருந்தால் திரும்பப் பணம் கட்ட வேண்டும். வெளியே போனால் அதே டிக்கெட்டில் மறுபடி உள்ளே வர முடியாது.

நல்ல கைடு யார் என்பது முதல் கால் மணியில் தெரிந்துவிடும். சுமாரான கைடு பெரிய வாசலைத் தாண்டியதும் போனை வாங்கி, கோபுர உச்சியைக் கையால் பிடிப்பது போலப் படம் எடுக்க ஆரம்பிப்பார். விவரம் தெரிந்தவர் படத்தை எல்லாம் திரும்பும்போது வைத்துக்கொள்ளலாம் என்று நேராக மேடைக்கு அழைத்துப் போவார். ஏழு மணிக்கு மண்டபத்துக்குள் நாலைந்து நிமிஷம் நிதானமாக நிற்கலாம். ஒன்பதரைக்குப் பிறகு உள்ளே கூட்டம் தள்ளிக்கொண்டே போகும், நிற்க விடமாட்டார்கள். மண்டபத்துக்குள் படம் எடுக்கக் கூடாது. செருப்பைக் கழற்ற வேண்டும், அல்லது செருப்பின் மேல் உறை போட்டுக்கொள்ள வேண்டும். பிப்ரவரி விடியலில் அந்த மார்பிள் பாதத்தைக் கடிக்கும் என்பதால் கழற்றுபவர்கள் சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

பெரிய வாசலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது எழுத்துகளைப் பற்றி. கறுப்புக் கல்லில் பதித்த குரான் வசனங்கள் அடியிலிருந்து உச்சி வரை ஒரே அளவாகத் தெரியும். மேலே போகப் போக எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். கீழே நிற்பவர் கண்ணுக்குச் சிறுத்துத் தெரியக் கூடாது என்பதற்காக. எழுதியவர் அமானத் கான். வாசலின் உச்சியில் முன்னும் பின்னுமாகப் பதினொன்று பதினொன்றாகச் சிறு குமிழ் மாடங்கள். இருபத்திரண்டு ஆண்டு கட்டியதன் அடையாளம் என்பார் கைடு. இனிமையான கணக்கு, ஆதாரம் இல்லை. மும்தாஜ் பதினான்காவது பிரசவத்தில் இறந்தது 1631-இல், புர்ஹான்பூரில். கட்டட வேலை 1632-இல் தொடங்கியது. முக்கியக் கட்டடம் 1640-களிலேயே முடிந்துவிட்டது, சுற்றுக் கட்டடங்கள் வரை எல்லாம் நிறைவேற 1653 ஆனது.

கைடு எல்லாரும் சொல்லும் இன்னொரு கதை, வேலை முடிந்ததும் ஷாஜகான் கொத்தர்களின் கைகளை வெட்டினார் என்பது. அந்தக் காலக் குறிப்பு எதிலும் அப்படி ஒரு செய்தி இல்லை. தவிர, 1639-இல் டெல்லியில் செங்கோட்டையோடு ஒரு புது நகரத்தையே கட்டத் தொடங்கிய ராஜா, கைதேர்ந்த ஆட்களின் கையை வெட்டி யாரை வைத்துக் கட்டுவார்? இந்தக் கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள். நல்ல கைடு தானும் சிரித்துவிட்டு, அதற்குப் பிறகு கதையை விட்டுக் கட்டடத்தைப் பேச ஆரம்பிப்பார்.

கட்டடத்தில் பேச நிறைய இருக்கிறது. முகலாயத் தோட்டக் கல்லறைகளில் வழக்கமாகக் கல்லறை தோட்டத்தின் நடுவில் இருக்கும். ஹுமாயூன் கல்லறை அப்படித்தான். இங்கே அதைத் தோட்டத்தின் கோடியில், ஆற்றங்கரையில் வைத்துவிட்டார்கள். நேற்று மாலை பார்த்த மேதாப் பாக்கையும் சேர்த்து வரைந்தால் கல்லறை மறுபடி நடுவுக்கு வந்துவிடும். நான்கு மினார்களும் வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்தவை. பூகம்பத்தில் விழுந்தாலும் மண்டபத்தின் மேல் விழாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இடமும் வலமும் அச்சு மாறாத அந்த வளாகத்தில் ஒழுங்கு தப்பிய ஒரே பொருள் ஷாஜகானின் கல்லறைதான். நட்ட நடுவில் மும்தாஜ். பிறகு வந்து சேர்ந்தவருக்கு மேற்குப் பக்கம் இடம். நாம் பார்ப்பவை இரண்டும் மேல் கல்லறைகள். நிஜமானவை கீழ்த்தளத்தில் இருக்கின்றன, அங்கே விடமாட்டார்கள்.

மேற்கே மசூதி. கிழக்கே அதே உருவத்தில் இன்னொரு கட்டடம், ஜவாப். மேற்கில் ஒன்று நிற்கிறதே, அதற்கு ஈடு கிழக்கில் வேண்டும் என்பதற்காகவே எழுப்பியது. மசூதியின் தரையில் 569 தொழுகைப் பாய்களின் வடிவத்தைக் கறுப்பு மார்பிள் கோட்டில் பதித்திருக்கிறார்கள். ஜவாபின் தரையில் அது இல்லை. ஜவாப் பக்கம் பெரும்பாலான கைடுகள் கூட்டிப் போவதில்லை. மேடைக்கும் ஜவாபுக்கும் இடையே காலை ஒன்பது மணிக்குக்கூட ஆளில்லாத நிழல் கிடைக்கும்.

ஆற்றுப் பக்கச் சுவரில் பச்சை கலந்த பழுப்புத் திட்டுகள் தெரிந்தால் அதையும் கேளுங்கள். தேங்கி நாறும் யமுனைத் தண்ணீரில் பெருகும் ஒருவகைக் கொசு போன்ற பூச்சியின் எச்சம் அது. 2016-இல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். காற்று மாசால் மஞ்சளாகும் மார்பிளுக்கு முல்தானி மட்டியைக் குழைத்துப் பூசி, காயவிட்டு, காய்ச்சி வடித்த நீரால் கழுவுகிறார்கள். அந்த வேலை நடக்கும் பக்கம் சாரம் கட்டியிருக்கும். எந்தப் பக்கம் என்று முந்தின நாளே கைடிடம் கேட்டு வைத்தால் நடுவில் நின்று எடுக்கும் படத்துக்கு ஏமாற்றம் இருக்காது.

ஒன்பதரைக்கு வெளியே வந்துவிடலாம். காலைச் சாப்பாடு பேடை: உளுத்தம் பருப்பு வைத்த, மொறுமொறுவென்ற பூரி, காரமான உருளைக்கிழங்குக் குழம்போடு, பின்னாலேயே சூடான ஜிலேபி. பழைய ஊர்க் கடைகளில் பதினொரு மணிக்குள் தீர்ந்துவிடும். வெறும் வயிற்றில் அந்தக் காரம் வேண்டாம் என்பவர்கள் ஜிலேபியையும் தயிரையும் முதலில் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது ஆக்ரா கோட்டை. அக்பர் 1565-இல் சிவப்பு மணற்கல்லில் கட்டத் தொடங்கியது, சுற்றுச்சுவர் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். அமர் சிங் வாசல் வழியாகத்தான் நுழைவு. உள்ளே நுழைந்ததும் ஏறும் சாய்தளம் செங்குத்து, கல்லெல்லாம் தேய்ந்து வழவழப்பு. முழங்கால் வலி உள்ளவர்களை மெதுவாக ஏறவிட வேண்டும். கோட்டையில் பெரும்பகுதி ராணுவத்திடம் இருக்கிறது. நாம் பார்க்கும் பகுதியே இரண்டு மணி நேரத்துக்குத் தாளும்.

கைடு இல்லாமல் போனால் வீணாகும் இடம் என்றால் தாஜை விட இந்தக் கோட்டைதான். பலகைகள் குறைவு, ஒரு முற்றத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி புரியாது. அக்பர் காலத்து ஜஹாங்கிரி மஹாலில் மணற்கல்லை மரத்தைப் போல இழைத்திருக்கிறார்கள். தாங்குகட்டைகளைப் பார்த்தாலே குஜராத், ராஜஸ்தான் தச்சு வேலை கண்ணுக்குத் தெரியும். பத்தடி தள்ளிப் போனால் ஷாஜகான் காலத்து வெள்ளை மார்பிள். தாத்தாவின் கட்டடங்களை இடித்துவிட்டுப் பேரன் தன் ரசனைக்குக் கட்டிய அரண்மனைகள் அவை. இரண்டையும் அடுத்தடுத்து நிற்க வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

முசம்மன் புர்ஜ் என்ற எண்கோண மாடம் ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது. 1658-இல் ஔரங்கசீப் தந்தையை இந்தக் கோட்டையில் காவலில் வைத்தார். 1666-இல் இறக்கும்வரை ஷாஜகான் இங்கேதான். கூட இருந்து பார்த்துக்கொண்டவர் மகள் ஜஹானாரா. சுவரில் பதித்த ஒரு சின்னக் கல்லில் தாஜ் தலைகீழாகத் தெரிந்ததை அவர் பார்த்துக்கொண்டே கிடந்தார் என்று இங்கே ஒரு கதை வரும். ஜன்னலைத் திறந்தால் நேராகவே தெரிகிறது.

‘சோமநாதர் கோயில் கதவு’ என்று ஒரு பெரிய மரக்கதவையும் காட்டுவார்கள். 1842-இல் கவர்னர் ஜெனரல் எல்லன்பரோ, கஜினியிலிருந்து பெருமையோடு தூக்கி வரச் செய்தது. சந்தனக் கதவை மீட்டுவிட்டோம் என்று ஊர்வலம் நடத்தினார். பரிசோதித்தபோது மரம் தேவதாரு, வேலைப்பாடு கஜினி ஊருடையது, மேலே அரபு எழுத்து. குஜராத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்தக் கதவின் முன்னால் கைடு என்ன சொல்கிறார் என்பதை வைத்தே அவர் மற்ற இடங்களில் சொன்னதை எவ்வளவு நம்பலாம் என்று அளந்துவிடலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு ஓட்டலை நாமே சொல்லிவிடுவது நல்லது. கைடும் டிரைவரும் இலவசமாகச் சாப்பிடும் பெரிய ரெஸ்டாரன்ட்களில் அந்தச் செலவு நம் பில்லில்தான் ஏறியிருக்கும்.

மூன்று மணிக்கு இதிமத்-உத்-தௌலா. டிரைவர்கள் ‘பேபி தாஜ்’ என்பார்கள். நூர்ஜஹான் தன் தந்தை மிர்சா கியாஸ் பேகுக்கு 1622 முதல் 1628 வரை கட்டியது. மும்தாஜுக்கு அவர் தாத்தா முறை. கட்டடம் முழுக்க வெள்ளை மார்பிள் போர்த்தி, கல் பதித்த வேலையைப் பெரிய அளவில் செய்து பார்த்தது இங்கேதான். தாஜில் பூக்கொடி, இங்கே மதுக்குடுவை, பழத்தட்டு, சைப்ரஸ் மரம், நட்சத்திரக் கட்டங்கள். கூட்டம் குறைவு, கயிறு கட்டவில்லை, மூக்கு உரச நின்று பார்க்கலாம். இந்த ஊரில் ஒரு இடத்தை விடத்தான் வேண்டும் என்றால் மேதாப் பாக்கை விடலாம், இதை விடக் கூடாது.

பிறகு அந்த இருபது நிமிஷப் பட்டறை. தரையில் உட்கார்ந்திருப்பவர் வலது கையால் ஒரு வில்லை முன்னும் பின்னும் இழுக்க, சாணைச் சக்கரம் சுழல்கிறது. இடது கையின் இரண்டு விரல் நுனியில் நகத்துணுக்கு அளவு கார்னீலியன் கல். அதைச் சக்கரத்தில் தொட்டுத் தொட்டு இதழாக வளைக்கிறார். பக்கத்தில் மார்பிள் பலகைக்குச் செஞ்சாயம் பூசி வைத்திருக்கிறார்கள்; வெள்ளைக் கல்லில் ஊசியால் கீறிய கோடு தெரியாது என்பதற்காகச் சாயம். கீறிய கோட்டுக்குள் உளியால் குடைந்து, இதழை வைத்துப் பார்த்து, சரியாக அமரும்வரை மறுபடி சக்கரத்துக்கு. ஒரு பூவுக்கு இப்படிப் பத்து, இருபது துண்டு.

இதுவரை எல்லாம் உண்மை. அடுத்த அறையில் விளக்கை அணைத்து, தட்டுக்கு அடியில் டார்ச் அடித்து, ‘வெளிச்சம் ஊடுருவுகிறது பாருங்கள், அசல் மக்ரானா (ராஜஸ்தான் மார்பிள்)’ என்பார்கள். மாவுக்கல்லும் அலபாஸ்டரும்கூட வெளிச்சத்தை விடும்; டார்ச் ஒன்றையும் நிரூபிக்காது. தட்டின் அடிப்பக்கம் நகத்தால் அழுத்திக் கீறுங்கள். கோடு விழுந்தால் அது மார்பிள் இல்லை. மார்பிள் நகத்தை விடக் கெட்டியானது. ஈரக் கைக்குட்டையால் பூவின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தால் சாயம் பூசியதும் தெரிந்துவிடும். வாங்கினால் கையோடு கொண்டுபோங்கள். ‘வீட்டுக்கே அனுப்பிவிடுகிறோம்’ என்பதில் நாம் தேர்ந்தெடுத்த தட்டுதான் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கைடோடு நுழைந்த கடையில் சொல்லும் விலையில் அவருடைய பங்கும் சேர்ந்திருக்கும்.

பேட்டா என்ற ஆக்ரா இனிப்பை வாங்க கைடு வேண்டாம். வெண்பூசணியைத் துண்டு போட்டுச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, நன்றாகக் கழுவி, சர்க்கரைப் பாகில் வேகவைப்பது. ஊருக்குக் கொண்டுபோக உலர்ந்த வகைதான் தாங்கும். பாகோடு இருக்கும் அங்கூரி பேட்டா ரயிலில் ஒழுகும். புகழ்பெற்ற பெயரையே லேசாக மாற்றி எழுதிய போர்டுகள் தெருவுக்கு நாலு இருக்கும், எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

வெள்ளி

தாஜுக்கு விடுமுறை, ஃபதேபூர் சிக்ரிக்கு இல்லை. ஆக்ராவிலிருந்து 37 கிலோமீட்டர். ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் அங்குள்ள ஜாமா மசூதியில் ஜும்மா தொழுகைக் கூட்டம் சேரும். எட்டு மணிக்கெல்லாம் அங்கே இருந்து, மசூதிப் பக்கத்தைப் பதினொன்றரைக்குள் முடித்துவிட வேண்டும்.

வண்டிகள் கீழே பார்க்கிங்கில் நின்றுவிடும், அங்கிருந்து ஷட்டில் பஸ். கதவைத் திறந்ததுமே தொல்லை ஆரம்பம். ‘காசு வேண்டாம், நான் ஸ்டூடன்ட், பழகிப் பார்க்கத்தான்’ என்று வரும் பையன் கடைசியில் தர்காவில் போர்த்தும் துணியும் கட்டும் கயிறும் விற்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவான். துணிக்கு ஐந்நூறிலிருந்து ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை. நேற்றைய கைடையே இன்றைக்கும் அரைநாள் பேசி அழைத்து வந்தால் இந்தக் கூட்டம் கிட்ட வராது. அவர் கூலியில் பாதி இதற்கே சரியாகிவிடும்.

இடம் இரண்டு பகுதி. அரண்மனை வளாகத்துக்கு டிக்கெட் உண்டு. மசூதி, சலீம் சிஷ்டி தர்கா, புலந்த் தர்வாஸா இருக்கும் பகுதிக்கு டிக்கெட் இல்லை. அக்பர் 1571-இல் தலைநகராகக் கட்டத் தொடங்கி, 1585-இல் லாகூர் பக்கம் போய்விட்ட பிறகு ஊர் காலியானது. தண்ணீர் தீர்ந்ததால் என்று ஒரே வரியில் முடிப்பார்கள். வடமேற்கு எல்லை விவகாரம் அவரை அங்கே இழுத்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பஞ்ச மஹாலில் கீழிருந்து மேலாக 84, 56, 20, 12, 4 என்று தூண்கள், மொத்தம் 176. திவான்-இ-காஸ் வெளியே பார்த்தால் இரண்டு மாடி, உள்ளே ஒரே கூடம். நடுவில் ஒற்றைத் தூண், அதன் தலையில் 36 தாங்குகட்டைகள், மேலே அக்பரின் இருக்கைக்கென்று சொல்லப்படும் மேடை, நாலு மூலைக்கும் நாலு பாலம். ‘ஜோதா பாய் மஹால்’, ‘பீர்பால் வீடு’ என்ற பெயர்களெல்லாம் பிற்பாடு ஒட்டியவை. பெண்கள் வாழ்ந்த பகுதிக்கு நடுவில் அமைச்சருக்கு எதற்கு வீடு?

மசூதி முற்றத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும். பத்தரை மணிக்கு மேல் அந்த மணற்கல் சுடும். சாக்ஸ் பையில் இருக்கட்டும். செருப்பை அங்கே விட்டுவிடாமல் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோனால் எந்த வாசல் வழியாகவும் வெளியேறலாம். தர்காவின் மார்பிள் ஜாலி (துளைத்த கல் திரை) ஒவ்வொன்றும் ஒரே பலகையில் குடைந்தது. பாம்பு போல வளைந்த தாங்குகட்டைகளை நிமிர்ந்து பார்க்க மறக்க வேண்டாம். புலந்த் தர்வாஸா குஜராத் வெற்றிக்கு எழுப்பிய வாசல், அடிப்படியிலிருந்து 54 மீட்டர். உள்ளிருந்து பார்த்தால் அவ்வளவு உயரம் தெரியாது. படி இறங்கித் தெருவில் நின்று நிமிர்ந்தால்தான் தெரியும், ஆனால் அந்தப் படி உயரமானது; பெரியவர்களைக் கிழக்கு வாசலான பாத்ஷாஹி தர்வாஸா வழியாகவே திரும்ப அழைத்து வருவது நல்லது.

இங்கிருந்து ஜெய்ப்பூர் போகிறவர்கள் ஆக்ராவுக்குத் திரும்ப வேண்டியதில்லை, சிக்ரி அந்தச் சாலையில்தான் இருக்கிறது. மூட்டைமுடிச்சோடு கிளம்பிவிடலாம். பையெல்லாம் டிக்கிக்குள் போகட்டும், சீட்டில் எதுவும் தெரியக் கூடாது. டெல்லி திரும்புகிறவர்கள் கவனிக்க: கதிமான் வெள்ளிக்கிழமை ஓடாது. போபால் பக்கமிருந்து வரும் சதாப்தி இரவு ஒன்பது மணி வாக்கில் கண்டோன்மென்டைத் தொடும்.

வண்டிக் கணக்கு முடிக்கும்போது வரும் தகராறு பெரும்பாலும் இந்த நாளில்தான். உள்ளூர் வாடகை ‘எட்டு மணி நேரம், 80 கிலோமீட்டர்’. நேற்று நகருக்குள் சுற்றியதில் அதில் பாதிகூட ஓடியிருக்காது. சிக்ரி போய் வருவதே 75-ஐ நெருங்கும். ஓட்டலில் ஏறி ஸ்டேஷனில் இறங்குவதையும் சேர்த்தால் 80 உடைந்து, மேல் கிலோமீட்டருக்குத் தனி ரேட்டு ஓடும். ஆகவே இந்த நாளுக்கு மட்டும் ‘சிக்ரி போய்வர மொத்தம் இவ்வளவு, டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா உட்பட’ என்று தனியாகப் பேசிக்கொண்டு, காலையில் ஏறியதும் மீட்டர் எண்ணைப் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.